உலகத்துக்குத் தெரிந்த அரியலூரும் நமக்குத் தெரியாத அரியலூரும்



செமஸ்டர் தேர்வுகள் ஒருவழியாக முடிந்தன. காஸ்ட் அக்கவுண்டிங் தாளை எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள் :-) இந்த முறை நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. ஜெயங்கொண்டத்துக்காரன் வரலாறு எழுதினால் கங்கைகொண்ட சோழபுரத்தைத்தான் எழுதுவான் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். அது 1000 வருடக் கதை. நான் எழுதப்போவது 7 கோடி வருடக் கதை. சரியாகச் சொன்னால், அந்த 7 கோடி வருடக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்கிற 180 வருடக் கதை.

என் அப்பாயி வீடு செந்துறைப் பக்கம். கொல்லையில் கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல் கிடக்கும். அதன் ஓரத்தில் நத்தை ஓடு போல ஒரு சுருள் பதிந்திருக்கும். சின்ன வயதில் விரலால் அந்தச் சுருளைத் தடவிக்கொண்டே, "இது என்ன அப்பாயி?" என்று கேட்டேன். "அது கல்லோட பொறந்த நத்தைடா" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் புதைபடிவம் பற்றிப் பாடம் வந்தபோதுகூட ஏதோ வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தேன். துவைக்கிற கல் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

2020 அக்டோபரில் ஞாபகத்துக்கு வந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது மண்ணுக்குள்ளிருந்து பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. "டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது" என்று வாட்ஸ்அப் முழுக்கப் படங்கள். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பிறகு புவியியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றிச் சேறும் தாதுக்களும் படிந்து இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் ஆர்வம் அடங்கிவிட்டது. "அட, முட்டை இல்லையாம்பா!"

நண்பர்களே, எனக்கு உறுத்தியது அந்த "இல்லையாம்பா"தான். நாம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் கடல், அந்தக் கடலில் நீந்திய உயிர் நம் ஊர்க் குளத்தில் கிடக்கிறது என்பது எப்படி ஏமாற்றமான செய்தியாகும்? அது நமக்கு யாரும் சொல்லாத செய்தி. ஆனால் உலகத்துக்குச் சொல்லாத செய்தியா என்றால், அதுதான் இல்லை.

முதல் கப்பல்

1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாக மாறிய கிளிஞ்சல்களைச் சேகரித்தார்கள். (நம் ஊரெல்லாம் அப்போது திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடி பிரிந்தது.) சேகரித்தவை லண்டன் புவியியல் கழகத்துக்குப் போயின. அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். ஐரோப்பாவின் சுண்ணப்பாறைக் காலத்தோடு, அதாவது கிரெட்டேசியஸ் காலத்தோடு, நம் மண்ணை ஒப்பிட்டுப் பேசிய முக்கியமான முதல் ஆவணம் அது.

அடுத்து வந்தது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. 1851-இல் தொடங்கிய நிறுவனம். அதில் பணியாற்றிய ஹென்றி பிளான்ஃபோர்ட், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளைப் பற்றி 1862-இல் எழுதினார். இந்தப் பாறைகளுக்கு அவர் வைத்த பெயர்கள்: ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு. கீழிருந்து மேலாக, பழையதிலிருந்து புதியதாக. அதன் பிறகு உலகத்தில் எந்த மூலையில் யார் கிரெட்டேசியஸ் காலம் படித்தாலும் "அரியலூர்" என்ற பெயரைக் கடக்காமல் போக முடியாது. இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர். நேற்று மழை அறிவிப்புப் பார்த்தவர்கள் இவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

மூன்றாவது ஆள் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியவர். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இன்றைய செக் நாட்டில் 1838-இல் பிறந்தவர், வியன்னாவில் படித்தவர், 1862-இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் 1873 வரை வெளிவந்தன. பெரும்பகுதி இவர் உழைப்பு. நத்தைகள், சிப்பிகள், அம்மோனைட்டுகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, விளக்கம், கிடைத்த ஊர்ப் பெயர். 1874-இல் லடாக்கில் ஒரு பயணத்தின்போது 36 வயதில் இறந்துபோனார். லே நகரத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நம் ஊரில்? ஒரு தெருப்பெயர்கூட இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கலாம்.

1890-களில் வார்த் என்பவர் மறுபடி சேகரித்துக் கொடுத்த படிவங்களை வைத்து, வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். 1936-இல் எல். ராமராவ் என்ற இந்தியப் பேராசிரியர், வியன்னாவின் பியாவோடு சேர்ந்து, நின்னியூர்ப் பாறைகளில் கிடைத்த பாசிப் படிவங்களைப் பற்றி எழுதினார். உலகமயமாக்கல் 1991-இல்தான் வந்தது என்று எங்கள் பி.காம். புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம் ஊர்க் கல் அதற்கு 150 வருடம் முன்பே உலகமயமாகிவிட்டது! போனது கல், திரும்பி வந்திருக்க வேண்டியது அறிவு. ஏற்றுமதி நடந்தது, இறக்குமதி நடக்கவில்லை. நின்னியூர்ப் பாசியைப் பற்றி வியன்னாவுக்குத் தெரிந்தபோது நின்னியூருக்குத் தெரிந்திருக்குமா?

கல்லாகிப்போன மரமும் திராவிடப் பல்லியும்

ஒரு விதிவிலக்கு உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். தமிழரான எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அடையாளம் கண்டது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. கிருஷ்ணன் பின்னாளில் 1951-இல் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்தியத் தலைவர் ஆனார். கல்மரத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்து, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கிறார்கள். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகிற இடம். ஒரு வேலியும் ஒரு பலகையும் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கல்மரத்துக்கு வழி சொல்வார்கள்.

இனி டைனோசர். 1979-இல் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பெயரைக் கேளுங்கள்: திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி! 'திராவிடோ' நம் நாட்டுக்கு, 'பிளான்ஃபோர்டி' மேலே சொன்ன பிளான்ஃபோர்டுக்கு. முதுகில் தட்டுகள் உள்ள ஸ்டெகோசார் வகை டைனோசர் என்று அவர்கள் சொன்னார்கள். 1996-இல் சங்கர் சட்டர்ஜி போன்றவர்கள், இது டைனோசரே அல்ல, பிளீசியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனத்தின் எலும்பு என்று மறுத்தார்கள். திராவிடம் என்றாலே விவாதம்தான் போலிருக்கிறது :-)

கிண்டல் போகட்டும். இப்படி ஒரு பெயர் உலக அறிவியல் ஏட்டில் இருப்பது எத்தனை தமிழர்களுக்குத் தெரியும்? மேடையில் ஆயிரம் முறை ஒலித்த சொல் ஒரு விலங்குக்குப் பெயரானது நம் பக்கத்து மண்ணில். அந்தச் செய்தி நமக்கு வந்து சேர 40 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கே சென்ற வருடம் இணையத்தில் மேய்ந்தபோதுதான் கிடைத்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

காணாமல் போன எலும்பு

இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு ஊர். அங்கே டைனோசர் எலும்புகள் இருப்பதை மேட்லி என்ற ஆங்கிலேயர் 1929-இல் எழுதினார். அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் அங்கே தோண்டியபோது மிகப்பெரிய எலும்புகள் கிடைத்தன. அவற்றுக்கு ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தார்கள். 'ப்ருஹத்காய' என்றால் பேருடல். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். என்னை நிமிர்த்தி நிற்கவைத்தாலும் அந்த ஒரு எலும்பின் உயரத்துக்கு வரமாட்டேன்.

முதலில் ஊன் உண்ணும் டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். 1995-இல் சட்டர்ஜி, இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தினார். அப்படியானால் இது உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்று. உடனே உலகம் கேட்டது: எலும்பு எங்கே? படம் எங்கே?

எலும்பு இல்லை. கல்லமேட்டுக் களிமண்ணில் எலும்புகள் நன்றாக இறுகவில்லை, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. தோண்டி எடுத்து, பாதுகாப்புக்குக் கட்டுப்போட்டும், சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் முன்பே அவை சிதைந்துபோயின. எலும்பு அழிந்துபோனது என்பதே 2017-இல்தான் எழுத்தில் வெளிவந்தது. 1980-களின் கட்டுரையில் கோட்டுப்படங்கள்தான் இருந்தன, அவையும் தெளிவாக இல்லை. அதனால் வெளிநாட்டில் சிலர், "இது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கும்" என்றார்கள். சாத்தனூர் கல்மரம் இருக்கிற ஊர்தானே, சந்தேகம் நியாயமும்கூட.

கடைசியில் 2022-இல் சௌரப் பாலும் அய்யாசாமியும் சேர்ந்து, தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்களை ஓர் ஆங்கில இதழில் வெளியிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு, மரம் அல்ல எலும்புதான் என்ற பக்கம் வலுத்தது. 2023-இல் கிரிகரி பால், லாரமெண்டி என்ற இருவர் இந்த விலங்கின் எடையை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் சுமார் 20 யானை எடை. நீலத்திமிங்கிலத்தோடு போட்டி போடுகிற எடை. அந்தக் கணக்கு சரியென்றால், பூமியில் நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப்பெரியது நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது.

"சரியென்றால்" என்று போடவேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் வேதனை. தணிக்கைப் பாடத்தில் சொல்வார்கள்: ஏட்டில் சொத்து இருந்தால் போதாது, நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று. இந்தச் சொத்து ஏட்டில் இருக்கிறது, கிடங்கில் இல்லை. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

அதே வருடங்கள், வேறொரு ஊர்

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க அர்ஜென்டினாவில் ஒரு கதை இருக்கிறது. நம் ப்ருஹத்காயோசாரஸ் பற்றிய கட்டுரை அச்சான அதே காலம், 1987. நெயுக்கேன் மாகாணத்தில் பிளாசா உயின்குல் என்ற சிறிய எண்ணெய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் பெரிய மரத்துண்டு போன்ற கல்லைப் பார்த்தார். கல்லாகிப்போன மரம் என்று நினைத்து உள்ளூர் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னார். வந்து பார்த்தால் அது டைனோசரின் கால் எலும்பு! தொடர்ந்து தோண்டினார்கள். 1993-இல் பொனபார்ட், கோரியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அர்ஜென்டினோசாரஸ் உயின்குலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் பெயர் பாதி, ஊரின் பெயர் பாதி. இன்று உலகத்தில் எந்தக் குழந்தையின் டைனோசர் புத்தகத்தைத் திறந்தாலும் அது இருக்கும். அந்தச் சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் அதன் முழு எலும்புக்கூட்டு மாதிரி நிற்கிறது.

அங்கே மரம் என்று நினைத்தது எலும்பானது. இங்கே எலும்பு என்று சொன்னது மரமோ என்று சந்தேகப்படும் நிலைக்குப் போனது. வித்தியாசம் எங்கே? அவர்கள் மண் இறுகியது, நம் மண் களிமண், மழை வேறு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஊர்க்காரர்களுக்கு முன்பே சொல்லியிருந்தால் எலும்பு பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நம் ஆய்வாளர்களைக் குறை சொல்லவும் இல்லை, வெயிலில் நின்று தோண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரருக்கு ஒரு கல்லைப் பார்த்ததும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்திருந்தது. சொல்ல ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தது. கேட்க ஆள் இருந்தது. என் அப்பாயிக்கு அந்தச் சுருளைப் பற்றிச் சொல்ல யார் இருந்தார்கள்?

அறிவியல் தொடர்பு என்பதை, ஆராய்ச்சி எல்லாம் முடிந்த பிறகு பொதுமக்களுக்குக் கொடுக்கிற இனிப்பு மாதிரி நாம் நினைக்கிறோம். இந்தக் கதையைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஆராய்ச்சியின் ஒரு பகுதி. ஏர் உழுகிறவர், கிணறு வெட்டுகிறவர், குளம் தூர்வாருகிறவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறவர் ஆகியோர்தான் முதலில் பார்க்கும் கண்கள். அந்தக் கண்களுக்கு என்ன பார்க்கிறோம் என்று தெரியாவிட்டால் சான்றே அழிந்துவிடும். சுரங்கத்தைச் சொல்லும்போது இன்னொன்று: நம் மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைகள் எல்லாம் இந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்தவை. அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் அரியலூரில் தொடங்கியது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது அரைத்த கிளிஞ்சல். எவ்வளவு அரைபட்டது, அதில் என்னென்ன இருந்தது என்று கேட்க ஆள் இல்லாமலே பல லாரிகள் போயிருக்கும்.

யார் சொன்னார்கள் நமக்கு?

தமிழில் அறிவியலே எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். பெ.நா. அப்புசுவாமி பல பத்தாண்டுகள் எழுதினார், தொழிலால் அவர் வழக்கறிஞர். கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' எழுதினார், அவர் ஒரு நிறுவனத்தின் பொறியாளர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கி, 1987-இல் துளிர் இதழைக் கொண்டுவந்தது, அதில் எழுதியவர்கள் பெரும்பாலும் தன்னார்வத்தில் எழுதியவர்கள். கவனித்தீர்களா? வக்கீல், இன்ஜினியர், ஆசிரியர். தமிழில் அறிவியலைத் தோளில் சுமந்தவர்கள் பலரும் ஆய்வு நிறுவனங்களுக்கு வெளியே இருந்தவர்கள். உள்ளே இருந்தவர்கள் ஆங்கிலத்தில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. ஓர் ஆய்வாளருக்கு வேலை உயர்வு எதனால் வருகிறது? வெளிநாட்டு இதழில் எத்தனை கட்டுரை என்பதனால். செந்துறைச் சந்தையில் நின்று தமிழில் அரை மணி நேரம் பேசினால் எந்தப் படிவத்தில் அதை எழுதுவார்? எதை அளக்கிறோமோ அதுதான் நடக்கும், இது எங்கள் மேலாண்மைப் பாடம். உலகமயமான பிறகு இந்த அளவுகோல் இன்னும் இறுகிவிட்டது. 2013-இல் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, வடக்குக் கண்டங்களில் மட்டும் அறியப்பட்ட ட்ரூடான்டிட் வகை டைனோசர் இங்கேயும் இருந்தது என்று இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். உலகப் புகழ் பெற்ற இதழில் வந்தது. கல்லமேட்டு டீக்கடைக்கு வந்ததா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-லேயே அரசியலமைப்பில் சேர்த்தார்கள். (குடிமகனின் கடமை. நிறுவனத்தின் கடமை என்று எழுதவில்லை!) அறிவியலைப் பரப்ப 1989-இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் 2023-இல் மூடப்பட்டது. 2022-இல் வந்த அறிவியல் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல், ஆய்வாளர்கள் வருடத்துக்கு 10 நாளாவது தங்கள் அறிவைச் சமூகத்தோடு பகிர வேண்டும் என்கிறது. 10 நாள் நல்ல தொடக்கம். ஆனால் எந்த மொழியில் என்பதுதான் கேள்வி.

இந்தக் கட்டுரைக்காக ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) நம் பகுதிப் படிவங்களைப் பற்றித் தமிழில் சிறு கையேடு ஏதாவது உண்டா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தரவிறக்கப் போனால் டாலரில் விலை கேட்கிறது. என் ஊர் எலும்பைப் பற்றிப் படிக்க நான் அந்நியச் செலாவணி செலவழிக்க வேண்டும்! ஒரு கம்பெனி தன் பங்குதாரருக்கு வருடா வருடம் ஆண்டறிக்கை அனுப்புகிறது. அனுப்பாவிட்டால் சட்டம் கேட்கும். வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்குப் பங்குதாரர் யார்? நம் அப்பாயிதானே, தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிறவர். அவருக்குப் புரிகிற ஆண்டறிக்கை எங்கே?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

சும்மா இருக்காது, அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும். 2009-இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகப் பத்திரிகைகளில் பெரிய செய்தி வந்தது. செய்தி வந்தது, விளக்கம் பின்னால் வரவில்லை. மக்கள் மனதில் "நம் பக்கம் உருண்டைக் கல் என்றால் முட்டை" என்று பதிந்துவிட்டது. 2020 குன்னத்துக் கூட்டம் அதன் வட்டி.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்றபோது நடந்ததும் இதுதான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நியூட்ரினோ என்றால் என்ன என்று மக்களுக்குப் புரிகிற தமிழ் போய்ச் சேரும் முன்பே பயம் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிர்ப்பெல்லாம் அறியாமை என்று நான் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் அனுமதியில் கேள்விகள் இருந்தன, 2017-இல் பசுமைத் தீர்ப்பாயமே அதை நிறுத்தி வைத்தது. ஆனால் நியாயமான கேள்வியையும் வதந்தியையும் பிரித்துப் பார்க்க மக்களுக்கு ஒரு வழி வேண்டுமல்லவா? அந்த வழியைப் போடவேண்டியது யார்?

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். "ஊருக்கெல்லாம் சொன்னால் ஆளாளுக்குப் பொறுக்கிக்கொண்டு போய் விற்றுவிடுவார்கள்" என்பார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் சொல்லாமல் இருந்தபோது மட்டும் காப்பாற்றப்பட்டதா? மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் கிராமத்தார் தலைமுறைகளாகச் சில உருண்டைக் கற்களைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று 2023-இல் செய்தி வந்தது. நம் பக்கமும் பெருமாள் பக்தர்கள் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் பெரும்பாலும் நேபாளத்துக் கண்டகி ஆற்று அம்மோனைட்தான், குன்னத்து உருண்டைக்கு உறவுமுறை! மதிப்பு தெரிந்த பொருளை மக்கள் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். மதிப்பு தெரியாத பொருள்தான் துவைக்கிற கல் ஆகிறது.

கடைசியாக

இப்போது நம் மாவட்டத்தில் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெயங்கொண்டம், அரியலூர் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பதிலாக அங்கே போய்ப் பாருங்கள். தம்பி தங்கைகளையும் அழைத்துப் போங்கள். இணையமும் கையில் இருக்கிறது. ப்ருஹத்காயோசாரஸ் மறந்துபோகாமல் இருந்ததற்கே வெளிநாட்டு டைனோசர் ரசிகர்கள் இணையத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு காரணம். உலகமயமாக்கலின் நல்ல பக்கம் அது. அவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம்.

போன மாதம் அப்பாயி வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து அந்தக் கல்லைக் காட்டி, இது நத்தை மாதிரி இருந்தாலும் நத்தை இல்லை அப்பாயி, கடலில் வாழ்ந்தது, இங்கேயெல்லாம் அப்போது கடல், ஆறேழு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இத்தன வருசமா இது மேல துணி அடிச்சிருக்கேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலியேடா?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தேன், துவைக்கிற கல் வேறாக மாறியிருந்தது. சுருள் உள்ள கல்லைத் திண்ணை ஓரம் உருட்டி வைத்திருந்தார். யாரோ சொன்னதும் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டார்.

சொல்லத்தான் 180 வருடம் ஆகியிருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது கல் கிடக்கிறதா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்து எனக்கும் சொல்லுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள், நான் வணிகவியல் மாணவன்தான். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.